மூங்கில் காட்டுத் தொண்டியார்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் வழியில், மூன்று குன்றுகளை ஒரே மதிலுக்குள் வளைத்துக்கொண்டு நிற்கிறது செஞ்சிக் கோட்டை. 1649இல் அது பீசப்பூர்ப் படையின் கைக்கு வந்தது. 1677இல் சிவாஜி அதனைக் கைப்பற்றினார். பல ஆண்டு முற்றுகைக்குப் பின்னர் 1698இல் முகலாயர் வசமாயிற்று. 1714இல் இளைஞரான தேசிங்கு மன்னர் போரில் வீழ்ந்தபின் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானிடம் சென்றது. 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் அதனுள் நுழைந்தனர். வந்தவர் ஒவ்வொருவரும் அதனைத் தமக்கே உரியதென்று எண்ணினர். இன்று அதன் களஞ்சியத்தில் நெல் இல்லை; கல்யாண மகாலின் அடுக்குகளில் காற்று மட்டுமே உலவுகிறது.

அக்கோட்டையின் அடிவாரப் பகுதியில் வேங்கடரமணர் கோயிலும் உண்டு. 1717-18ஆம் ஆண்டுகளில் எழுந்த சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் உண்டு. கப்பம் கட்டுவது பற்றி எழுந்த பூசலே தேசிங்கின் போருக்குக் காரணம் என்பது வரலாறு. ஆனால் தேசிங்கு ராஜன் கதையைப் பாடிய நாட்டுப்புற மக்கள் கப்பக் கணக்கைப் பெரிதாக எண்ணவில்லை. தேசிங்குக்காகத் தம் திருமணத்தையும் விட்டுக் களத்துக்கு ஓடிவந்து உயிர்நீத்த மோவுத்துக்காரன் என்னும் இசுலாமிய நண்பனையே அவர்கள் நெஞ்சில் நிறுத்தினர். திருவரங்கநாதனை வணங்கும் ஒருவனும் அல்லாவைத் தொழும் ஒருவனும் ஒரே பாட்டில், ஒரே களத்தில் மாள்கிறார்கள். பாட்டைக் கேட்டு அழுத கிராமத்தார் இருவருக்காகவும் அழுதனர்.

இத்தகைய மனம் மன்னர்களின் ஆணையால் உண்டாவதில்லை. கோட்டைகளுக்கு வெளியே, தர்காக்களின் முற்றங்களிலும் மடங்களின் திண்ணைகளிலும் ஊர்ஊராய்த் திரிந்த பக்கீர்களின் பாடல்களிலும் அது நெடுங்காலமாக விளைந்து வந்தது. அந்தப் பக்கீர்களுள் தமிழுலகம் என்றும் மறவாத ஒருவர், செஞ்சி ஆங்கிலேயர் கைக்குப் போய் 31 ஆண்டுகள் கழிந்தபின், தெற்கே கடலோர ஊர் ஒன்றில் பிறந்தார். கோட்டை எதுவும் அவருக்கு இல்லை. அவர் வாழ்ந்த மூங்கில் காடும் பிறர் கொடுத்த இடமே. ஆயினும் சென்னை மாநகரின் ஒரு பகுதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவரே குணங்குடி மஸ்தான் சாகிபு.

பிறப்பும் கல்வியும்

இராமநாதபுரச் சீமையில் தொண்டி என்னும் பழைய துறைமுகத்தை அடுத்துள்ளது குணங்குடி. அவ்வூரில் நயினார் முகம்மது, பாத்திமா இணையருக்கு 1792இல் பிறந்த மகனுக்குச் சுல்தான் அப்துல் காதிர் என்று பெயரிட்டனர். அரசரைக் குறிக்கும் சுல்தான் என்னும் சொல் பெயரின் தொடக்கத்திலேயே இருந்தது. பிற்காலத்தில் கந்தையும் ஓடும் அன்றி வேறொன்றும் வேண்டாது நின்றவருக்கு அப்பெயர் அமைந்ததை எண்ணி வியவாமல் இருக்க இயலாது.

அக்காலத்தில் கீழக்கரை வணிகத்தாலும் கல்வியாலும் ஓங்கியிருந்த ஊர். கப்பலோட்டிய மரைக்காயர்களின் பொருளும் அரபுக் கல்வி கற்ற ஆலிம்களின் அறிவும் அங்கே ஒருங்கே தழைத்தன. தைக்கா சாகிபு என்று மக்களால் அன்போடு அழைக்கப்பெற்ற செய்கு அப்துல் காதிர் ஆலிம் அங்கு ஆசிரியராக விளங்கினார். இளைஞர் சுல்தான் அப்துல் காதிர் அவரிடம் மார்க்கக் கல்வி பயின்றார். அரபும் தமிழும் அவர் நாவில் ஒன்றுக்கொன்று இடையூறின்றிப் பழகின. பின்னாளில் ஒரே பாடலில் இருமொழிச் சொற்களும் தடையின்றி ஓடிவரும் வன்மை அவருக்கு இங்கேதான் வாய்த்திருக்க வேண்டும்.

கற்று முடித்தால் ஆலிம் என்னும் சிறப்பு, ஊரில் மதிப்பு, வணிகக் குடும்பங்களின் ஆதரவு. பிள்ளையின் முன் இருந்த பாதை தெளிவாகவே இருந்தது. பதினேழாம் அகவையில் தாய்மாமன் மகளை அவருக்கு மணமுடிக்கப் பெரியோர் முடிவு செய்தனர் என்பர். உறவில் பெண்ணெடுப்பது அக்காலத்தில் வழக்கம் மட்டுமன்று. இரு குடும்பங்களுக்கிடையே உள்ள கடன். அதனை மறுப்பது எளிய செயலன்று. அவர் மறுத்தார். துறவின் பக்கம் சாய்ந்த உள்ளத்தை இல்லறத்தில் நிறுத்திப் பிறிதோர் உயிரையும் துன்புறுத்த அவர் விரும்பவில்லை போலும். வீட்டையும் ஊரையும் உறவையும் விட்டு வெளியேறினார்.

இந்த முடிவைப் புகழ்ந்து மட்டும் கடந்துவிடுவது நேர்மையாகாது. இசுலாம் துறவறத்தை வலியுறுத்தும் சமயமன்று. நபிகள் நாயகம் இல்லறத்தில் நின்றே வழிகாட்டினார். சூஃபிப் பெரியார் பலரும் மனைவி மக்களோடு வாழ்ந்தவர்களே. ஆகவே மகனின் துறவு பெற்றோருக்கு இரட்டைத் துயரமாகவே இருந்திருக்கும். தமிழ்நாட்டுச் சித்தர் மரபின் சாயல் அவரது வாழ்வில் பாடல்களுக்கு முன்பே படிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வறியவர் என்னும் பட்டம்

சூஃபி என்னும் சொல் கம்பளியைக் குறிக்கும் அரபுச் சொல்லினின்று பிறந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. பட்டாடை அணிந்த ஆட்சியாளர் நடுவே, உறுத்தும் முரட்டுக் கம்பளியை உடுத்து இறைநினைவில் மூழ்கியோர் அப்பெயர் பெற்றனர். பக்கீர் என்பதன் நேர்ப்பொருள் ஏழை என்பதே. பொருள் இல்லாதவன் என்று அதனைக் கொள்வது மேலோட்டமான பொருள். இறைவன்முன் தனக்கென்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாதவன், நான் என்னும் எண்ணமும் கூட இல்லாதவன் என்பதே சூஃபிகள் கொண்ட பொருள். செல்வத்தைத் துறந்தவரிடத்தும் துறந்தேன் என்னும் செருக்கு தங்கிவிடும். அதனையும் கரைப்பதே அவர்தம் பயிற்சியின் உயிர்நிலை. அவ்வாறு தான் அழிந்த நிலையை பனா என்று அவர்கள் கூறினர்.

இந்நெறி தமிழகத்துக்குப் புதியதன்று. திருச்சிராப்பள்ளியில் நத்தர்வலி, நாகூரில் சாகுல் ஹமீது ஆண்டவர், தக்கலையில் பீர்முகம்மது அப்பா என்று அதன் வேர்கள் நாடெங்கும் பரவியிருந்தன. நாகூர்த் தர்காவின் மிக உயர்ந்த மனோராவை எழுப்பியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங்கர். நோயுற்றவரும் கடலுக்குச் செல்வோரும் பிள்ளைவரம் வேண்டுவோரும் சமயம் பாராது அங்கே வந்து நின்றனர். சமையற்கூடத்தின் உணவும் வந்தவர் யாரென்று கேட்டுப் பரிமாறப்படவில்லை. பசித்தவருக்கு உணவளிப்பதை வழிபாட்டின் ஒரு பகுதியாகக் கொண்டது காதிரிய்யா என்னும் சூஃபி மரபு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அதன் முதற்குரு. நம் கவிஞருக்குப் பெற்றோர் இட்ட பெயரும் அப்பெரியாரின் பெயரே.

1813ஆம் ஆண்டளவில் திருச்சிராப்பள்ளியில் மௌலவி ஷாம் சாகிபு என்பவரிடம் அவர் அம்மரபில் தீக்கை பெற்றார் என்பர். திருச்சிராப்பள்ளி என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருவார். ஒரு நூற்றாண்டுக்கு முன் அதே நகரில் நாயக்க அரசின் பெருங்கணக்கராக இருந்து, பதவியைத் துறந்து, இராமநாதபுரம் சென்று நிறைவுற்றவர் தாயுமானவர். தாயுமானவர் திருச்சியிலிருந்து இராமநாதபுரச் சீமைக்குச் சென்றார்; மஸ்தான் சாகிபு அச்சீமையிலிருந்து திருச்சிக்கு வந்தார். எதிரெதிராக நடந்த இவ்விருவரும் ஒரே பொருளைத் தேடினர். இரண்டிரண்டு அடிகளில் பராபரத்தை விளித்துப் பாடும் கண்ணி வடிவத்தைத் தாயுமானவர் ஆண்டார். அவ்வடிவத்தையே மஸ்தான் சாகிபுவும் ஏற்றுத் தமதாக்கிக்கொண்டார்.

மதுரையை அடுத்த திருப்பரங்குன்றத்தின் அடிவாரத்தில் முருகன் குடைவரைக் கோயில். உச்சியில் சிக்கந்தர் அடக்கமான தர்கா. அம்மலையில் நாற்பது நாள் தனித்திருந்து தவம் புரிந்தார் என்று அவர் வரலாறு கூறுவோர் உரைப்பர். பின்னர்ச் சதுரகிரி, நாகமலை, யானைமலை முதலிய இடங்களிலும் காடுகளிலும் ஏழாண்டுகள் வரை திரிந்தார் என்பர். கிடைத்ததை உண்டார், கிடைக்காதபோது இலைகளையும் கிழங்குகளையும் உண்டார். குப்பை மேடும் அவருக்குப் படுக்கை ஆயிற்று. உடை கந்தையாயிற்று, தலை சடையாயிற்று.

அந்நிலையில் அவரைக் கண்டோர் மஸ்தான் என்றனர். பாரசீக மொழியில் மஸ்த் என்பது மயக்கமுற்ற நிலையைக் குறிக்கும். கள்ளுண்டவனும் மஸ்த், இறைக்காதலில் தன்னை மறந்தவனும் மஸ்த். வழியில் கண்டவர்களுக்கு இவர் எந்த வகை என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சிலர் கைகூப்பியிருப்பர், சிலர் கல்லெறிந்திருப்பர். பெற்றோர் இட்ட சுல்தான் என்னும் பெயர் உதிர்ந்தது. கிறுக்கர் என்றும் பொருள்படக்கூடிய அப்பெயரே நிலைத்தது. அதனை மாற்றிக்கொள்ள அவர் முயலவில்லை.

லெப்பைக் காடு

திரிந்த கால்கள் இறுதியில் சென்னைக்கு வந்தன. அவருக்கு ஒன்பது வயதாக இருந்த 1801இலேயே கருநாடக நவாபின் ஆட்சியுரிமையைக் கும்பினி தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டது. நவாபுக்குப் பட்டம் எஞ்சியது. ஆட்சி ஆங்கிலேயரிடம் சென்றது. கோட்டையைச் சுற்றித் துணி வணிகரும் துபாசிகளும் எழுத்தர்களும் பெருகினர். கோட்டைக்கு வடக்கே கடற்கரையோரம் மீனவரும் படகோட்டிகளும் கூலித் தொழிலாளரும் வாழ்ந்த பகுதி இராயபுரம். கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே அலைகளில் மசூலாப் படகோட்டிப் பிழைத்த மக்கள் தம் சிறுசேமிப்பால் புனித பேதுரு ஆலயம் எழுப்பியதும் அப்பகுதியில்தான்.

இராயபுரத்தில் பாவா லெப்பை என்பவருக்கு உரிமையான நிலம் ஒன்று முள்ளும் மூங்கிலும் மண்டிக் கிடந்தது. லெப்பைக் காடு என்று அதனை வழங்கினர். பாம்பும் பூச்சியும் நிறைந்த அந்தப் புதரையே மஸ்தான் சாகிபு தம் இருப்பிடமாகக் கொண்டார். நகரத்தை விட்டு விலகவும் இல்லை. நகரத்துக்குள் நுழையவும் இல்லை. கூப்பிடு தொலைவில் சந்தை இரைச்சல், அருகே அலையோசை, நடுவே மூங்கில் இலைகளின் சலசலப்பு. அங்கே அமர்ந்து தவத்தில் ஆழ்ந்தார்.

தொண்டிப் பக்கத்திலிருந்து வந்தவர் ஆதலால் அக்கம்பக்கத்தார் அவரைத் தொண்டியார் என்றனர். முதலில் புதரோரம் எட்டிப் பார்த்தோர், பிறகு உள்ளே வந்து அமர்ந்தனர். நோயாளி வந்தார், கடன்பட்டவர் வந்தார், பிள்ளையை இழந்த தாய் வந்தார். கற்ற புலவர்களும் வந்தனர். இந்த இடத்தில்தான் அவரது வாழ்வின் கடினமான சோதனை தொடங்கியது எனலாம். காட்டில் பசியைத் தாங்குவது ஒருவகை வலிமை. தம்மைத் தேடி வந்து காலில் விழும் கூட்டத்தின் நடுவே, தாம் யாருமில்லை என்னும் நினைவைக் காப்பது வேறுவகை வலிமை. ஊரும் உறவும் வேண்டாமென்று வந்தவரைச் சுற்றி ஓர் ஊரே கூடத் தொடங்கியது.

அந்தச் சோதனையை அவர் எதிர்கொண்ட விதத்தை அவரது பாடல்களே காட்டுகின்றன. பிறரைப் பார்த்து, நீங்கள் பாவிகள், திருந்துங்கள் என்று கூறும் குரல் அவற்றில் ஓங்கவில்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் பாடுபவரே. ஆசை அடங்கவில்லையே, மனம் நிற்கவில்லையே, பொய்த் துறவு பூண்டு திரிகின்றேனே என்று அவர் தம்மையே பழித்துக்கொள்கிறார். ஞானி என்று உலகம் கொண்டாடியவர், ஞானம் தமக்கு எப்போது கிட்டும் என்று கேட்டு எக்காலக் கண்ணி பாடியுள்ளார். கண்ணிதோறும் அதே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. கிட்டிவிட்டது என்று அறிவித்துவிட்டால் கூட்டம் மேலும் பெருகியிருக்கும். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அகத்தீசரும் முகியித்தீனும்

குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடல்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. முகியித்தீன் சதகம், அகத்தீசன் சதகம், நந்தீசர் சதகம், ஆனந்தக் களிப்பு, நிராமயக் கண்ணி, பராபரக் கண்ணி, றகுமான் கண்ணி, மனோன்மணிக் கண்ணி ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே அவர் மனத்தின் பரப்பு விளங்கும். பாக்தாத் குருநாதர் முகியித்தீனுக்கு ஒரு சதகம். பொதிகைத் தமிழ் முனிவர் அகத்தியருக்கு ஒரு சதகம். கயிலைக் காவலர் நந்தீசருக்கு ஒரு சதகம். அருளாளன் எனப் பொருள்படும் றகுமான் என்னும் அரபுத் திருப்பெயரால் ஒரு கண்ணி. பராபரம் என்னும் தமிழ்ச் சைவர் பயின்ற பெயரால் இன்னொரு கண்ணி.

இசுலாமிய நெறி நின்ற ஒருவர் இவ்வாறு பாடலாமா என்னும் வினா அன்றும் சிலர் நெஞ்சில் எழுந்திருக்கும், இன்றும் எழலாம். விடை காண அவரது பாடல்களின் உட்பொருளைக் காணவேண்டும். அவர் பாடிய இறை உருவமற்றது, இணையற்றது, எங்கும் நிறைந்தது. அப்பொருளில் அவர் இம்மியும் விலகவில்லை. நபிகள் நாயகத்தைப் போற்றுகிறார். தம் காதிரிய்யா குருவைப் போற்றுகிறார். இரு சமயங்களைக் கலந்து மூன்றாவது ஒன்றை உருவாக்குவது அவர் நோக்கமன்று. தாம் பிறந்த மண்ணில், சித்தரும் சைவரும் பல நூற்றாண்டுகளாகப் பேசிப் பழகிய சொற்களில், தம் இறையனுபவத்தைச் சொன்னார். ஊற்று நீரை ஊரார் எந்தக் குடத்தில் மொண்டு பழகினார்களோ அந்தக் குடத்திலேயே அவரும் மொண்டார்.

சூஃபி நெறியில் ஷரீஅத், தரீக்கத், ஹகீக்கத், மஃரிபத் என நான்கு படிகள் கூறுவர். ஒழுக்க விதிகளில் தொடங்கி மெய்யறிவில் முடியும் பயணம் அது. சைவ நெறியும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு கூறும். இரண்டும் ஒன்றென்று சொல்வது மிகை; ஆனால் ஒன்றைக் கற்றவர்க்கு மற்றொன்று அயலான மொழியாகத் தோன்றாது. அதனால்தான் மூங்கில் காட்டில் அமர்ந்து அவர் பாடியபோது, திருவாசகமும் தாயுமானவர் பாடலும் ஓதி வளர்ந்த செவிகள் திகைக்கவில்லை.

மனோன்மணிக் கண்ணியில் இறைவனைத் தாம் ஏங்கிக் காதலிக்கும் பெண்ணாகக் கொண்டு விளிக்கிறார். தமிழ்ப் பக்திப் பாடல்களில் ஆழ்வாரும் நாயன்மாரும் தம்மைப் பெண்ணாக்கி இறைவனைத் தலைவனாகக் கொண்டனர். பாரசீகச் சூஃபிக் கவிஞர்களோ இறைவனையே காதலியின் தோற்றத்தில் கண்டனர். மஸ்தான் சாகிபு பாரசீக முறையைத் தமிழின் மனோன்மணி என்னும் பெயரால் நடத்துகிறார். இலக்கியப் பயிற்சி உடையவர்க்கு இது பெருவிருந்து. பாடலை முணுமுணுத்துக்கொண்டே வலை பின்னிய இராயபுரத்து மீனவருக்கு இந்த நுட்பமெல்லாம் தேவைப்படவில்லை. ஓசையும் உருக்கமுமே போதுமாயிருந்தன.

இன்னொன்றும் சொல்லத் தக்கது. குணங்குடி என்னும் ஊர்ப்பெயருக்கு நற்குணங்கள் குடியிருக்கும் இடம் என்றும் பொருள் கொள்ளலாம். அவர் தம் பாடல்களில் அப்பெயரைத் தம் குருநாதர் உறையும் இடமாக ஆக்கிவிடுகிறார். புலவர்கள் தம் ஊர்ப்பெயரைப் பாட்டில் பொறித்துத் தம்மை நிலைநாட்டுவது வழக்கம். இவரோ தம் ஊர்ப்பெயரையும் குருவுக்கே உரிமையாக்கிவிட்டார்.

அவரைச் சூழ்ந்தோர்

மூங்கில் காட்டின் நிழலில் அமர்ந்தவர்களைப் பார்த்தால் அக்காலச் சென்னையின் சமுதாயத்தையே ஒருசேரக் காணலாம். அய்யாசாமி முதலியார் அவருக்கு மிக நெருங்கிய மாணவர். தம் குருவின் மீது குணங்குடியார் பதிற்றுப்பத்தந்தாதி என்னும் நூலை அவர் பாடினார். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் வீரசைவர். பழுத்த தமிழ்ப் புலவர். திருக்குறளை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர். அத்தகையவர் ஓர் இசுலாமியப் பக்கீரைத் தலைவராகக் கொண்டு நான்மணிமாலை இயற்றினார்.

இதன் அருமையை உணர அக்காலத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். உடன் அமர்ந்து உண்பதற்கும், ஒரே தெருவில் நடப்பதற்கும், ஒரே கிணற்றில் நீர் எடுப்பதற்கும் சாதி கேட்ட காலம் அது. இலக்கண இலக்கியம் கற்ற புலவர்கள் யாரைப் பாடுவது, யாரைப் பாடலாகாது என்பதில் கண்டிப்பானவர்கள். அவர்கள் ஒரு கந்தையாடைத் துறவியின்முன் ஏடும் எழுத்தாணியுமாக அமர்ந்தனர். தம் சமயத்தை விட்டு வரச்சொல்லி அவர் யாரையும் கேட்டதாக அம்மாணவர்களின் வாழ்வில் சான்று இல்லை. முதலியார் முதலியாராகவே இருந்தார். ஐயர் சிவலிங்கம் அணிந்த ஐயராகவே இருந்தார். குருவும் ஐந்துவேளைத் தொழுகை உடைய தம் மார்க்கத்திலேயே நின்றார். ஒருவரை ஒருவர் மாற்றாமலேயே ஒருவர்க்கொருவர் உரியவராயினர். செஞ்சிக் கதையில் போர்க்களம் சேர்த்துவைத்த நட்பை இங்கே பாட்டு சேர்த்துவைத்தது.

தொண்டு என்றதும் சத்திரம், மருத்துவமனை, கல்விக்கூடம் என்று கட்டடங்களை எண்ணுவது இக்கால வழக்கம். மஸ்தான் சாகிபு எதையும் கட்டவில்லை. கட்டுவதற்குக் கையில் காசும் இல்லை. கொடுத்தாலும் வைத்துக்கொள்ளும் இயல்பும் இல்லை. அவர் கொடுத்தது தம்மையே. வந்தவர் பேச்சைக் கேட்டார். துயருற்றவரை இறைவன்பால் நோக்கச் செய்தார். எழுத்தறியாதவரும் மனத்தில் பதித்துக்கொள்ளத்தக்க எளிய சந்தத்தில் பாடல்கள் தந்தார். பசித்தவருக்குச் சோறிடுவதோடு இதனை ஒப்பிட்டு, எது பெரிதென்று வாதிடலாம். சொல்ல யாருமற்ற துயரத்தோடு அந்தப் புதருக்குள் நுழைந்து, திரும்பும்போது ஒரு கண்ணியை முணுமுணுத்துச் சென்ற தாய்க்கு அந்த வாதத்தில் நாட்டம் இருந்திராது.

மறைவும் அதன் பின்னும்

1838ஆம் ஆண்டு, நாற்பத்தாறாம் அகவையில், குணங்குடி மஸ்தான் சாகிபு இராயபுரத்தில் இறையடி சேர்ந்தார். வாழ்ந்த இடத்திலேயே அவரை அடக்கம் செய்தனர். அங்கே தர்கா எழுந்தது. சரவணப்பெருமாளையர் பதிப்பித்த திருக்குறள் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. தமிழ் நூல்கள் ஓலையை விட்டுத் தாளுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. எவரேனும் எடுத்துப் பதிப்பிக்காவிடில், நாவில் மட்டும் வாழ்ந்த பாடல்கள் ஒரு தலைமுறைக்குள் தேய்ந்து மறையும் இடர் இருந்தது.

அப்பணியைச் செய்தவர் சீயமங்கலம் அருணாசல முதலியார். சிதறிக்கிடந்த பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சேற்றினார். சீயமங்கலம் என்னும் பெயரில் செஞ்சிக்கு வடக்கேயும் ஓர் ஊர் உண்டு. பல்லவர் குடைவரைக் கோயிலால் புகழ்பெற்ற ஊர். இசுலாமியக் கவிஞரின் பாடல்களைச் சைவக் குடியில் பிறந்த ஒருவர் தேடி அலைந்து பதிப்பித்தார் என்றால், அவர்க்கு அதில் ஊதியமோ பதவியோ இருந்திருக்காது. பின்னர்க் கோட்டாற்றுச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் அப்பாடல்களை ஆய்ந்து பதிப்பித்தார். மா.வடிவேலு முதலியார் உரை எழுதினார். இவ்வாறு ஒரு முதலியார் தொகுத்ததை ஒரு பாவலர் செம்மைசெய்ய, இன்னொரு முதலியார் விளக்க, பாடல்கள் இருபதாம் நூற்றாண்டுக்குள் வந்து சேர்ந்தன. அவற்றை இசைவாணர் மேடையில் பாடினர். கந்தூரி விழாக்களில் பக்கீர்கள் தப்ஸ் தட்டிப் பாடினர்.

இராயபுரத்தில் இன்று மூங்கில் இல்லை. தர்காவைச் சுற்றி வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. துறைமுகத்துக்குச் செல்லும் சரக்கு வண்டிகளின் இரைச்சல் ஓய்வதில்லை. தொண்டியார் வாழ்ந்த பகுதியை அடுத்துள்ள பேட்டை தொண்டியார்பேட்டை எனப்பட்டு, மக்கள் நாவில் திரிந்து, தண்டையார்பேட்டை ஆயிற்று என்பர். நாள்தோறும் பல்லாயிரவர் அப்பெயர் எழுதிய பேருந்தில் ஏறி இறங்குகின்றனர். அது ஒரு மனிதரின் பெயர் என்பதையும், அதுவும் அவர் தாமே வைத்துக்கொண்ட பெயரன்று என்பதையும் அவர்களுள் பலர் அறியார். வியாழக்கிழமை மாலைகளில் தர்கா வாயிலில் செருப்புகளைக் கழற்றிவிட்டு உள்ளே செல்வோரில் குங்குமம் இட்ட நெற்றிகளும் தொப்பி அணிந்த தலைகளும் ஒருங்கே காணப்படுகின்றன.